ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு நகரத்தைப் படித்தல்: புதுச்சேரியிலும் கடலூரிலும் தொடங்குவோருக்கு

நகரத்தைப் பற்றிப் படிக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். கல்லூரியை முடித்தவர்கள், கட்டடக்கலை மாணவர்கள், ஓய்வு பெற்ற பின் தம் ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது புத்தகப் பட்டியல். அதை நான் கடைசியில்தான் கொடுப்பேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஒரு தெருவைத் தேர்ந்துகொண்டு, ஆறு மாதம் அதை விடாமல் பாருங்கள் என்பதுதான் என் முதல் பதில். நிலத்தின் விலை, தண்ணீர், வேலை, சாதி, சட்டம், மாநில எல்லை, கடல் ஆகிய எல்லா விசைகளும் அந்த ஒரு தெருவில் தடம் பதித்திருக்கும். தெருவில் கண்ட தடத்துக்குரிய காகிதத்தை ஏதாவதோர் அலுவலகத்திலோ நூலகத்திலோ தேடிப் பிடித்து, இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பதையே நான் நகர ஆய்வு என்று எண்ணுகிறேன். கண்ணை மட்டும் நம்பியவர் பயணக் கட்டுரை எழுதி முடிப்பார்; காகிதத்தை மட்டும் நம்பியவர் அரசு அறிக்கையைத் திருப்பி எழுதிவிட்டு அதற்கு ஆய்வு என்று பெயர் வைப்பார்.

தெருவைத் தேர்ந்துகொள்ளுதல்

புதுச்சேரியில் இருப்பவர்கள் கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரர் நகரத்தையே முதலில் நாடுவார்கள். மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் எல்லோர் கண்ணையும் இழுக்கும் என்பதனாலேயே அதைத் தவிர்க்கச் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் ஆயிரம் பேர் படமெடுத்த சுவரில் புதியவர் ஒருவர் புதிதாக எதையும் கண்டுவிட முடியாது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, மகாத்மா காந்தி வீதிக்கு முன்னும் பின்னும் உள்ள குறுக்குத் தெருக்கள் நல்ல தொடக்கம். இன்னும் மேற்கே நெல்லித்தோப்பு, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பக்கம் வயலை அறுத்து மனை போட்ட ‘நகர்’ ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது.

தெருவுக்குள் இறங்குமுன் நகரின் எலும்புக்கூட்டை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1693-இல் புதுச்சேரியைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கட்டத்தையே நீட்டிக்கொண்டு போனார்கள். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765 முதல் பழைய தெருக்கோடுகளின் மேலேயே அது மீண்டும் எழுந்தது. ஆகவே இன்று நாம் காணும் கட்டடம் எதுவும் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இராது, ஆனால் தெருவின் கோடு அதற்கு முற்பட்டது. கட்டடத்தைவிடத் தெருவின் கோட்டுக்கு ஆயுள் அதிகம் என்பதை இங்கே பாடமாகவே பார்க்கலாம்.

கடலூர்க்காரர்களுக்கு வேறு வசதி உண்டு. அங்கே முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று மூன்று ஊர்கள் ஆற்றையும் இரயில் பாதையையும் நடுவில் வைத்துக்கொண்டு ஒரே பெயரில் வாழ்கின்றன: துறைமுகமும் பண்டகசாலையும் ஒன்று, ஆட்சியர் அலுவலகமும் மைதானமும் ஒன்று, கோயிலும் கடைத்தெருவும் ஒன்று. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள கிராமங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. நகரத்தின் எல்லையை யார், எதைக் கொண்டு, எந்த உரிமையில் வரைகிறார்கள் என்ற கேள்வியை இதைவிட வெளிப்படையாகக் கேட்கும் வேறோர் ஊரை நான் கண்டதில்லை.

நடையும் கணக்கெடுப்பும்

1914-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரரான நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடிஸ், திட்டம் போடுமுன் ஊரை நடந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். சென்னை மாகாணத்து ஊர்கள் சிலவற்றுக்கு அறிக்கையும் எழுதினார். முதலில் கணக்கெடு, பிறகு நோயைக் கண்டுபிடி, அதன் பிறகு திட்டமிடு என்ற அவருடைய வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும்.

விடியற்காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளையும், வார நாளிலும் விடுமுறை நாளிலும் தெருவில் நடக்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நடந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். அதனால் எண்ணக்கூடிய, அளக்கக்கூடிய பொருள்களை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக நான் சொல்வது வாசற்படி. தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித் திண்ணைக்கு வர வேண்டும் என்பது பழைய வீட்டைக் கட்டிய கொத்தனாரின் கணக்கு. பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போக, வீடு தாழ்ந்துகொண்டே வந்தது. நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் தெருவில் ஒரு வீட்டின் அடிப்படிக்கல்லில் தாமரை செதுக்கியிருக்கும். இன்று அதன் இதழ்களில் மேல்பாதி மட்டுமே தாருக்கு மேலே தெரிகிறது. அந்த வீட்டார் நிலைவாசலுக்குக் குறுக்கே முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். மழைநீரைத் தடுப்பதற்கான அந்தச் சிறு கரையைத் தாண்டித்தான் எண்பது வயதுப் பாட்டி நாள்தோறும் வெளியே வர வேண்டியிருக்கிறது. ஒரு மீட்டர் நாடாவும் நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும், தெரு முழுவதும் வாசல் உயரத்தைக் குறித்துவிடலாம். எந்த வீடு எப்போது கட்டப்பட்டது என்பதும், அடுத்த மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் என்பதும் அந்த ஒரே பட்டியலில் கிடைத்துவிடும்.

இரண்டாவது மின் மீட்டர். ஒரே கதவிலக்கம் உள்ள வீட்டின் முன்சுவரில் ஆறு மீட்டர் பெட்டி தொங்கினால், பாகப்பிரிவினை ஆகியிருக்கிறது அல்லது வாடகைக்குத் தடுத்திருக்கிறார்கள் என்று பொருள். முற்றத்துக்கு மேலே தகரமோ பிளாஸ்டிக் கூரையோ போட்டிருந்தால் அந்த ஊகம் உறுதிப்படும். புதுச்சேரித் தமிழ்த் தெருக்களுக்கே உரிய தெருத் தாழ்வாரம், அதாவது மரத்தூண்களின் மேல் சாய்ந்து தெருவுக்கு நிழல் தந்த முன்கூரை, எத்தனை வீட்டில் எஞ்சியிருக்கிறது, எத்தனை வீட்டில் அது இரும்பு ஷட்டராக மாறியது என்றும் எண்ணுங்கள். வைசியாள் வீதியில் தொடர்ச்சியாகப் பல வீடுகளை மீட்டுச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அந்த வீதியையும் அதற்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ஒன்றையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால், பாதுகாப்புக்குப் பணம் வந்த இடமும் வராத இடமும் விளங்கும்.

மூன்றாவது விளக்கு வெளிச்சம். வெள்ளைக்காரர் நகரத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியைத்தான் கொடுப்பேன். புதன்கிழமை இரவு 9 மணிக்கும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கும் டூமா வீதியிலோ சூப்ரேன் வீதியிலோ நடந்து, மாடிச் சன்னல்களில் விளக்கெரிபவற்றை எண்ணி வாருங்கள். குடியிருப்பவர் எத்தனை, வார இறுதி விருந்தினர் எத்தனை என்பது இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டில் தெரியும். மளிகைக் கடையும் இஸ்திரிக்காரரும் ஒரு தெருவை விட்டு எப்போது போனார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், அந்த வேறுபாடு எந்த ஆண்டில் தொடங்கியது என்பதும் பிடிபடும்.

தண்ணீரைப் பின்தொடர்தல்

எல்லா விசைகளிலும் எது முதன்மையானது என்று கேட்டால், இந்தக் கடற்கரையைப் பொறுத்தவரை தண்ணீர் என்பேன். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு; ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்காலும் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்காலும் பிரிந்து அவற்றை நிரப்பின. வயல் மனையானபோது ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல்பரப்பு, போயிற்று. ஆயக்கட்டு போனபின் வாய்க்காலைத் தூர்வார யாருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று. ஆனால் தண்ணீருக்குப் பழைய வழி மறப்பதில்லை.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அது மேலிருந்து விழுந்த தண்ணீர். மழை விட்ட பிறகு, மேற்கே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளையும் பாகூர்ப் பக்கத்து ஊர்களையும் சூழ்ந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது வந்த வெள்ளம் அது. ‘வெள்ளம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விசைகள் இருப்பதைத் தொடக்கநிலையினர் பிரித்தறிய வேண்டும். முதலாவது வெள்ளத்துக்கு உள்ளூர் வாய்க்காலும் மனைப்பிரிவும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அணையின் கதவு பதில் சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் தண்ணீர் எந்த நாளில், எந்தத் திசையிலிருந்து, எந்த நிறத்தில் வந்தது என்று கேளுங்கள். நிறத்தைக் கேட்கச் சொல்வது விளையாட்டுக்கன்று: செம்மண் கலந்து வந்தால் ஆறு, கறுத்து வந்தால் சாக்கடை.

கடலும் இதே பாடத்தைச் சொல்லும். 1980-களின் பின்பாதியில் அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. நகருக்கு முன்னிருந்த மணற்பரப்பு போய்க் கருங்கல் குவியல் வந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் ஆகிய மீனவர் ஊர்கள் படகு இழுத்து வைக்கவும் வலை காயப்போடவும் இடமின்றித் தவித்தன. அங்கே கல் கொட்டியபோது அரிப்பு மேலும் வடக்கே, மாநில எல்லையைத் தாண்டி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி பக்கம் நகர்ந்தது. 2018-இல் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டினால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் ஓரளவு திரும்பியிருக்கிறது; சுற்றுலாப் பயணிகள் அதில் இறங்கிக் கால் நனைக்கிறார்கள். யாருடைய கரை முதலில் காப்பாற்றப்படுகிறது என்ற கேள்வியைக் கேட்க வேறு எந்தத் தத்துவமும் வேண்டியதில்லை.

தரைக்கு அடியில் ஓடுவதையும் விட்டுவிடாதீர்கள். 2024 ஜூன் மாதம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக ஏறிய விஷவாயு மூவரின் உயிரைக் குடித்தது. குழாய்கள் தெருவுக்கு எந்த ஆண்டில் வந்தன, வீட்டு இணைப்பை யார் கொடுத்தார்கள், வாயு மேலே ஏறாதபடி தண்ணீரைத் தேக்கிவைக்கும் குழாய் வளைவு இருக்கிறதா என்பவற்றைத் தெருவாரியாகக் குறித்து வைக்கும் பழக்கம் வேண்டும். பிளம்பர்களுக்கு இது மனப்பாடம். ஆனால் ஆய்வாளர்கள் அவர்களிடம் போவதில்லை.

காகிதத்தைத் தேடுதல்

மனையின் வரலாறு வில்லங்கச் சான்றில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவுத்துறைத் தளத்திலேயே அதைப் பார்க்கலாம். பட்டா, ‘அ’ பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (நில அளவைப் படம்) ஆகியவையும் இணையத்தில் கிடைக்கும். புதுச்சேரியில் நில ஆவணங்களுக்கு ‘நிலமகள்’ என்ற தனி ஏற்பாடு உண்டு. பழைய புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு, குளம், களம், மந்தைவெளி என்று குறித்திருக்கும் இடங்களை முதலில் வண்ணமிட்டுக்கொண்டு, அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

புதியவர்கள் அடிக்கடி வியக்கும் ஒரு காட்சிக்கு விடை அப்போது கிடைக்கும். புறநகரில் ஒரு மனைப்பிரிவின் முப்பதடிச் சாலை, அடுத்த மனைப்பிரிவின் மதில்சுவரில் போய் முட்டி நின்றுவிடும். பின்வீட்டுக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். திட்டமிட்டவர் அறிவில்லாதவர் என்று திட்டுவதற்கு முன் புலப்படத்தைப் பார்த்தால், சுவர் நிற்கும் கோடு பழைய வரப்பு என்பது தெரியும். ஒவ்வொரு வயலுக்காரரும் தம் வயலைத் தனித்தனியே, வேறுவேறு ஆண்டில், வேறுவேறு புரோக்கர் மூலம் மனையாக்கி விற்றார். தெருக்களை ஒன்றோடொன்று சேர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. நெல்லுக்குப் போட்ட வரப்பு காருக்குத் தடையாக நிற்கிறது. தமிழ்நாட்டில் 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்ததும், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் மனைவணிகத்தின் போக்கை மாற்றின. கடலூரில் பணிபுரிவோர் தம் தெருவின் பத்திரங்களை அந்த ஆண்டுகளுக்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்கலாம். நகர ஊரமைப்புச் சட்டமும் இரண்டு இடத்திலும் வேறு: புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம்.

புதுச்சேரி ஆவணங்களில் வேறொரு சுவையும் உண்டு. பழைய விற்பனைப் பத்திரங்கள் ‘நொத்தேர்’ எனப்பட்ட பத்திர அதிகாரியின் முன்னிலையில் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் பூண்டவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவடைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய ‘சொல்தா’ குடும்பங்கள் நகரெங்கும் வீடு கட்டின. பூட்டிய கதவும், மாதமொருமுறை வந்து பெருக்கிவிட்டுப் போகும் காவலாளும் உள்ள வீடு உங்கள் தெருவில் இருந்தால், அதன் உரிமையாளர்கள் பாரிஸ் புறநகரில் ஐந்து வாரிசுகளாக இருக்கலாம். ஐந்து கையொப்பம் சேராமல் வீடு விற்பதில்லை, விற்காததால் இடிபடுவதுமில்லை. மரபுக் கட்டடங்கள் சில இப்படி வழக்கின் தயவில் பிழைத்திருப்பதை எந்தப் பாதுகாப்புத் திட்டமும் எழுதிக்கொள்வதில்லை.

பழைய நகரப் படங்களுக்குப் பிரான்சு தேசிய நூலகத்தின் ‘காலிகா’ தளத்தில் தேடலாம். 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் கடற்கரையிலேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தெருவை ஒரு தமிழ்க் கண்ணால் பார்க்க, பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உதவும். சாதிவாரியாகத் தெரு ஒதுக்கப்பட்டதும், கோயிலுக்கும் கோட்டைக்கும் இருந்த பகையும், 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அதில் வருகின்றன. செட்டித் தெரு, வைசியாள் வீதி, கொசக்கடை வீதி என்ற பெயர்கள் அந்த ஒதுக்கீட்டின் எச்சம். இன்றைய தெருவில் யார் சொந்தக்காரர், யார் குடிக்கூலிக்காரர், யாருக்கு வீடு கொடுக்க மறுக்கிறார்கள் என்று கேட்காமல், சாதி பழங்கதை என்று எழுதி முடிப்பது ஆய்வாகாது. ‘சைவம் மட்டும்’ என்ற வாடகை அறிவிப்பும் ஓர் ஆவணமே. நாள் போட்டு எழுதி வையுங்கள்.

எல்லைக்கோடும் வேலையும்

புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடக்கிறது. வரி மாறும் இடத்தில் நகரம் எப்படி உருமாறுகிறது என்று பார்க்க, கடலூர்ச் சாலையில் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் போதும். கன்னியக்கோயிலைத் தாண்டி முள்ளோடை வரும்போது மதுக்கடைகள் வரிசை கட்டும். எல்லை முடிந்ததும் சட்டென்று நின்றுவிடும். பெட்ரோல் நிலையங்களும் அப்படித்தான் எல்லையை ஒட்டிக் கூடும். 1980, 90-களில் விற்பனை வரிச் சலுகைக்காக மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு ஆலைகள் வந்தன. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தச் சலுகையின் பொருள் பெரிதும் போய்விட்டது. தொழிற்பேட்டையில் பூட்டிய கொட்டகைகளை எண்ணும்போது அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாலைகளை நம்பியிருந்த முதலியார்பேட்டைப் பக்கத்தின் கதை இன்னும் நீளமானது. 1936 ஜூலை 30-இல் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் இறந்தனர். அந்தப் போராட்டத்தின் விளைவாக 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆகிய ஆலைகள் 2020-இல் மூடப்பட்டன. ஆலைச்சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டு சோறு வடித்த தெருக்களில் இப்போது எதைக் கொண்டு நேரம் நடக்கிறது என்று கேட்டால், வெள்ளிக்கிழமை மாலை என்பார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும் நேரம் அது. கடலூரில் உப்பனாற்றங்கரையில் உள்ள சிப்காட்டைப் படிப்பவர்கள் அங்குள்ள கிராமத்தாரிடமிருந்தே ஒரு முறையைக் கற்கலாம். 2004-ஐ ஒட்டி அவர்கள் நாற்றம் அடித்த நேரத்தையும் காற்றடித்த திசையையும் நோட்டில் குறித்து, பிளாஸ்டிக் வாளியில் அமைத்த எளிய கருவியால் காற்றுமாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மனிதரிடம் பேசுதல்

என் முதல் கணக்கெடுப்பு பரிதாபமாக முடிந்தது. நாற்பது கேள்விகள் அச்சடித்த படிவத்தையும் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையையும் கொண்டு தெருவில் இறங்கினேன். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மாள், “தம்பி, வீட்டு வரி ஏத்தத்தானே வந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார், பத்தாவது வீட்டை அடையுமுன் செய்தி எனக்கு முன்னே போய்விட்டது. அதன்பின் ஒரு மாதம் அந்தத் தெருவின் முனையில் இருந்த தேநீர்க் கடையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். இஸ்திரிக்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், மீன்கூடை சுமந்துவரும் ஆயா, மின்வேலை பார்க்கும் அண்ணன் ஆகிய நால்வரும் சொல்லாத எதையும் அந்தப் படிவம் எனக்குச் சொல்லியிருக்காது.

‘ஏன்’ என்று கேட்காமல் ‘எப்போது’ என்று கேளுங்கள். ஏன் திண்ணையை இடித்தீர்கள் என்றால் மனம் புண்படும். எப்போது இடித்தீர்கள் என்றால் பெரிய மகனின் கல்யாணம், கடை வைக்க வாங்கிய கடன், சாலை அகலப்படுத்தியது என்று காரணங்கள் தாமாக வரும். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கு 2004 டிசம்பர் சுனாமி, 2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவை நல்ல அடையாளக் கற்கள். தானேக்கு முன்னா பின்னா என்று கேட்டால் கடலூரில் எவரும் தயங்காமல் சொல்வார்கள். பேசியவரின் பெயரையும் கதவிலக்கத்தையும் நோட்டில் எழுத வேண்டாம். நீங்கள் எழுதுவது நாளை ஒரு வாரிசு வழக்கிலோ ஆக்கிரமிப்பு நோட்டீசிலோ போய் நிற்கக்கூடும்.

எண்களைக் கையாளுதல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நகர்ப்புறம்’ என்ற சொல் இரண்டு வழியில் பிறக்கிறது. நகராட்சி, பேரூராட்சி என்று சட்டம் அறிவித்த ஊர் ஒன்று. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே என்ற மூன்று அளவும் நிறைந்த கிராமம் மற்றொன்று. இரண்டாவது வகை ஊரில் வாழ்க்கை நகரமாகியிருக்கும், ஆட்சி கிராமமாகவே இருக்கும். குப்பை யார் அள்ளுவது என்ற சண்டை அங்கேதான் உரக்கக் கேட்கும். புதுச்சேரி என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம் எந்தப் புதுச்சேரி என்று திருப்பிக் கேளுங்கள். 2011-இல் புதுச்சேரி நகராட்சியில் ஏறத்தாழ 2.4 இலட்சம் பேர், அதைச் சுற்றியுள்ள உழவர்கரை நகராட்சியில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். புகழ் ஒன்றுக்கு, மக்கள் மற்றொன்றில்.

ஆட்சியைப் பற்றியும் ஓர் எண் வேண்டும். 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது; அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின் நீண்ட காலம் அதிகாரிகளே நகராட்சியை நடத்தினார்கள். கடலூர் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவார்கள் என்று இரண்டு ஊரிலும் கேட்டுப் பாருங்கள்: ஓரிடத்தில் வார்டு உறுப்பினரின் பெயர் வரும், மற்றதில் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் வரும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி அனுப்பும்போது ஒரே மனுவில் ஒரே தெரு, ஒரே ஆண்டு, ஒரே பணி என்று குறுக்கிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்ட என் மனுவுக்கு ஓர் அலுவலகம் ‘தகவல் தொகுக்கப்படவில்லை’ என்ற இரண்டு சொல்லில் பதில் அனுப்பியது. அதையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு ஏற்ற மாதம் செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் வாசல் உயரங்களை அளந்து முடித்திருக்க வேண்டும், வாய்க்கால் எங்கெங்கே மூடியிருக்கிறது என்று நடந்து பார்த்திருக்க வேண்டும், பழைய புலப்படத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு காய்ந்து மறையுமுன், சாக்கட்டியும் நாடாவும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கோடு இரண்டு நாள் இருக்கும். பெயின்ட் அடித்த சுவரில் மதியத்துக்குள் போய்விடும்.